பார்மசி மாணவர்களுக்கு முதல் சிமுலேஷன் வகுப்பு: எங்கே தொடங்குவது, எப்படி நடத்துவது?

டி.பார்ம் என்ற பார்மசி டிப்ளமோ படிப்புக்கு இந்திய பார்மசி கவுன்சில் 2020இல் கொண்டுவந்த விதிமுறைகளில், சமுதாய மருந்தகப் பாடத்தின் செய்முறைப் பகுதியில் ஒரு சின்னக் குறிப்பு இருக்கிறது. இந்தச் செய்முறைகளை மாதிரி மருந்தகத்தில், பாவனைச் சூழல்களை அமைத்து நடத்த வேண்டும், தேவையான இடங்களில் மாணவர்களை நடிக்கவைத்துப் பழக்க வேண்டும் என்கிறது அது. எப்படி என்பதை அந்தக் குறிப்பு சொல்லவில்லை. அதனால் பல கல்லூரிகளில் மாதிரி மருந்தகம் என்றால் ஒரு கண்ணாடி அலமாரி, காலி மருந்துப் பெட்டிகள், பெயர்ப்பலகை, ஒரு பூட்டு. ஆய்வுக்கு ஆள் வருகிற அன்று திறப்பார்கள்.

அந்தப் பூட்டின் சாவி இப்போது உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளராக இருக்கலாம். அல்லது மருத்துவமனை மருந்தகத்தில் புதுப் பணியாளர்களைப் பழக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கலாம். இரண்டு பேருக்கும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான்.

பொம்மை வாங்கப் போக வேண்டாம்

சிமுலேஷன், அதாவது பாவனைப் பயிற்சி, என்றதும் மூச்சுவிடும், கண் சிமிட்டும், நாடி துடிக்கும் பொம்மைகள்தான் நினைவுக்கு வரும். அவற்றுக்கு ஆகும் பணத்தைக் கேட்டதும் முதல்வர் அறையில் பேச்சு முடிந்துவிடும். மருந்தாளுநருக்கு அந்தப் பொம்மை பெரும்பாலும் தேவைப்படாது. அவர் தவறுகிற இடங்கள் வேறு: சீட்டைப் படிக்கும்போது, அலமாரியிலிருந்து பெட்டியை எடுக்கும்போது, எதிரில் நிற்பவரிடம் பேசும்போது அல்லது பேசாமல் விடும்போது. இந்த மூன்றையும் பழக்க ஒரு மேசையும் நன்றாக நடிக்கத் தெரிந்த ஒரு ஆளும் போதும்.

இந்த முறைக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. லாஸ் ஏஞ்சலிஸில் நரம்பியல் மருத்துவர் ஹோவர்ட் பாரோஸ், 1963இல் ஒரு பெண்ணுக்கு நோயாளியாக நடிக்கக் கற்றுக்கொடுத்து, மாணவர்கள் அவரைப் பரிசோதிப்பதைக் கவனித்தார். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டன் 1975இல் இதைத் தேர்வாகவே ஆக்கினார். மணி அடித்ததும் மாணவர் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகரும் அந்தத் தேர்வைத்தான் இன்று ஆஸ்கி என்கிறோம். 1990இல் ஜார்ஜ் மில்லர் ஒருவரின் திறமையை நான்கு படிகளாகப் பிரித்தார்: தெரியும், எப்படி என்று தெரியும், செய்து காட்டுவார், நிஜத்தில் செய்வார். எழுத்துத் தேர்வு முதல் இரண்டு படிகளோடு நின்றுவிடும். மூன்றாவது படிக்குத்தான் இந்த மேசை.

படி 1: கண்ணுக்குத் தெரிகிற ஒரே ஒரு செயலைத் தேர்ந்தெடுங்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். 'நோயாளிக்கு ஆலோசனை வழங்குதல்' என்று வகுப்பின் நோக்கத்தை எழுதுவார்கள். அதை எப்படிப் பார்த்துச் சொல்வது, நடந்ததா இல்லையா என்று? 'இன்சுலின் குப்பியையும் சிரிஞ்சையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் கொடுக்க மாட்டார்' என்று எழுதிப் பாருங்கள். இப்போது வகுப்பில் உள்ள யாரும் நடந்தது, நடக்கவில்லை என்று சொல்லிவிட முடியும். எத்தனை நல்ல நோக்கங்கள் மனதில் வந்தாலும் முதல் வகுப்புக்கு ஒன்றே போதும். மற்றவற்றை அடுத்த மாதத்துக்கு எடுத்து வையுங்கள்.

படி 2: கதையை எழுதுங்கள்

இன்சுலினையே எடுத்துக்கொண்டு முழுக்க எழுதிப் பார்ப்போம். நம் ஊரில் இது வெறும் பாடப் புத்தகச் சிக்கல் இல்லை. இந்தியாவில் இன்சுலின் இரண்டு செறிவுகளில் புழங்குகிறது. குப்பியில் வருவது பெரும்பாலும் யூ-40, அதாவது ஒரு மில்லியில் 40 யூனிட். இன்சுலின் பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் யூ-100, ஒரு மில்லியில் 100 யூனிட். சிரிஞ்சிலும் இரண்டு வகை உண்டு. யூ-40க்குச் சிவப்பு மூடி, யூ-100க்கு ஆரஞ்சு மூடி. யூ-100 சிரிஞ்சில் 20 என்று போட்ட கோடு 0.2 மில்லி. அதில் யூ-40 மருந்தை எடுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். தலைகீழாக, யூ-40 சிரிஞ்சின் 20ஆம் கோடு 0.5 மில்லி. அதில் யூ-100 மருந்தை எடுத்தால் 50 யூனிட். எந்தப் பக்கம் மாறினாலும் இரண்டரை மடங்கு வித்தியாசம்.

இதை வைத்து எளிதான கதை ஒன்று எழுதலாம்: வாடிக்கையாளர் தப்பான சிரிஞ்சைக் கேட்கிறார், மாணவர் சரியானதைக் கொடுக்கிறார், முடிந்தது. இந்தக் கதையில் சத்து இல்லை. கொஞ்சம் ஆழமாகப் போவோம்.

64 வயது அப்பா. காலையில் 20 யூனிட், யூ-40 குப்பி. இரண்டு மாதத்துக்கு முன் சிரிஞ்சு தீர்ந்துபோனபோது பக்கத்து வீட்டில் மீதமிருந்த ஒரு பெட்டி ஆரஞ்சு மூடி சிரிஞ்சைக் கொடுத்தார்கள். அதிலிருந்து சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது. போன வாரம் டாக்டர் அளவை 30 ஆக்கிவிட்டார். சிரிஞ்சு விஷயம் டாக்டருக்குத் தெரியாது. இன்று மகன் சீட்டோடு கடைக்கு வருகிறார். பையிலிருந்து ஒரு காலி ஆரஞ்சு சிரிஞ்சை எடுத்துக் காட்டி, "இதே மாதிரி ஒரு பத்து குடுங்க, மருந்து ஒரு பாட்டில்" என்கிறார்.

ஆரஞ்சு மூடியைக் கவனிக்காத மாணவர் கேட்டதைக் கொடுத்து அனுப்புவார். அது ஒரு தவறு. கவனித்த மாணவர் என்ன செய்வார்? "இது தப்பு சார், சிவப்பு மூடிதான் உங்களுக்கு" என்று பெருமையோடு மாற்றிக் கொடுப்பார். அப்பாவின் உடம்பில் நேற்றுவரை போனது 12 யூனிட். நாளைக் காலை அதே 30ஆம் கோட்டுக்கு 30 யூனிட் போகும். சர்க்கரை தடாலென்று இறங்கி ஆள் மயங்கி விழக்கூடும். சரியான சிரிஞ்சைக் கொடுத்ததே ஆபத்தாக முடிகிற கதை இது. மாணவர் செய்ய வேண்டியது இதுதான்: இந்தச் சிரிஞ்சு எப்போதிலிருந்து என்று கேட்பது, அளவு எப்போது மாறியது என்று கேட்பது, மகனை உட்காரவைத்துவிட்டு டாக்டருக்கு போன் போடுவது. வியர்வை, நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் மகனுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.

நல்ல கதை இப்படித்தான் அமையும். முதல் தவறைக் கண்டுபிடித்தவருக்கு அதற்குப் பின்னால் இன்னொரு கேள்வி காத்திருக்கும். எழுதி முடித்ததும் ஒரு டாக்டரிடமோ அனுபவமுள்ள மருந்தாளுநரிடமோ காட்டி, கணக்கும் மருந்தும் சரிதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தப்பான கதையை நன்றாக நடத்தினால், தப்பு மாணவர்கள் மனதில் நன்றாகப் பதிந்துவிடும்.

படி 3: நோயாளியைத் தயார் செய்யுங்கள்

அதே வகுப்பு மாணவரை நோயாளியாக நிறுத்தாதீர்கள். இரண்டாவது நிமிடமே இருவரும் சிரித்துவிடுவார்கள். வேறு ஆண்டு மாணவர்கள், அலுவலக ஊழியர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஊர்த் திருவிழா நாடகத்தில் வேஷம் கட்டிய அனுபவம் உள்ளவர்கள் என்று தேடினால் ஆள் கிடைக்கும். அலுவலக ஊழியர்களில் பலர் இதில் அபாரமாக நடிப்பார்கள். மெடிக்கலில் வரிசையில் நின்று சலித்தவர்கள் ஆயிற்றே.

அவர்களிடம் ஒரே ஒரு தாள் கொடுங்கள். அதில் மூன்று பகுதி இருக்கட்டும். வந்ததும் தானாகச் சொல்ல வேண்டியவை முதல் பகுதி. கேட்டால் மட்டும் சொல்ல வேண்டியவை அடுத்தது. நம் கதையில் 'பக்கத்து வீட்டுல குடுத்தாங்க', 'போன வாரம்தான் டாக்டர் கூட்டினார்' இரண்டும் இங்கே வரும். எவ்வளவு கேட்டாலும் 'தெரியலையே' என்று சொல்ல வேண்டியவை மூன்றாவது பகுதி. கேட்காமலே நோயாளி உதவத் தொடங்கினால் பயிற்சி அங்கேயே முடிந்துபோகும். நல்ல மனசுக்காரர்களுக்கு இதுதான் கஷ்டம். மாணவர் திணறுவதைப் பார்த்ததும் வாய் திறந்துவிடுவார்கள். முன்கூட்டியே அரை மணி நேரம் நீங்களே மருந்தாளுநராக நின்று அவர்களோடு ஒத்திகை பார்த்தால் இது சரியாகும்.

வசனத்தை மனப்பாடம் செய்ய வைக்க வேண்டாம். ஆள் யார், என்ன அவசரம், எதற்குக் கோபப்படுவார் என்று மட்டும் சொல்லிக்கொடுங்கள். "தம்பி, பஸ்ஸு போயிரும், சீக்கிரம்" என்று அவர் தன் பேச்சிலேயே சொல்வது எழுதிக்கொடுத்த எந்த வசனத்தையும்விட நன்றாக வரும். மாணவருக்கும் அதனால் ஒரு நன்மை உண்டு. வருடக் கணக்கில் ஆங்கிலத்தில் படித்தவர், தோலுக்கடியில் எப்படிக் குத்துவது, அதே இடத்தில் தினமும் ஏன் குத்தக் கூடாது என்று ஒரு விவசாயிக்குப் புரியும்படி தமிழில் சொல்ல முதல்முறை முயல்வது இந்த மேசையில்தான். தடுமாறுவார். இங்கேயே தடுமாறிக்கொள்ளட்டும்.

படி 4: கடையை அமையுங்கள்

மேசை, அலமாரி, பில் புத்தகம், ஒரு போன். இன்சுலினுக்கு ஐஸ் வைத்த ஒரு சின்னப் பெட்டி. காலி மருந்துப் பெட்டிகளைத் தெரிந்த கடைகளில் சொல்லி வைத்தால் ஒரு வாரத்தில் மூட்டையாகக் கொடுப்பார்கள். அடுக்கும்போது பார்க்க ஒரே மாதிரி இருப்பவற்றை வேண்டுமென்றே பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். ஒரே மருந்தின் இரண்டு அளவுகள், ஒரே நிறுவனத்தின் ஒரே நிறப் பெட்டிகள், ஒலியில் ஒத்த பெயர்கள். நிஜக் கடை அப்படித்தான் இருக்கிறது.

கொடுத்ததற்குக் கணக்கு வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல்தான் ஷெட்யூல் எச்1. அதற்கான பதிவேடும் மேசையில் இருக்கட்டும். 2014 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ள விதி இது. செஃபிக்ஸிம், ட்ரமடால், அல்பிரசோலம் போன்றவற்றைக் கொடுத்தால் சீட்டு எழுதிய மருத்துவரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், கொடுத்த எண்ணிக்கை எல்லாவற்றையும் எழுதி, மூன்று வருடம் பாதுகாக்க வேண்டும். தேர்வில் இதை ஒப்பிப்பவர்களில் பலர், எதிரில் ஆள் நிற்கும்போது பதிவேட்டைத் திறக்க மறந்துவிடுகிறார்கள்.

நெருக்கடியைப் பிறகு சேர்க்கலாம். முதல் சுற்று அமைதியாகப் போகட்டும். அடுத்த சுற்றில் போன் அடிக்கட்டும், இன்னொருவர் வந்து "நூறு ரூபாய்க்குச் சில்லறை இருக்கா?" என்று கேட்கட்டும்.

படி 5: தொடங்கும் முன் பத்து நிமிடம்

இதைத் தவிர்க்கிற ஆசிரியர்கள் அதிகம், நேரமில்லை என்பார்கள். அந்தப் பத்து நிமிடம் இல்லாவிட்டால் மாணவர் தன்னை எல்லார் முன்னாலும் மாட்டிவிடத்தான் இந்த ஏற்பாடு என்று நினைத்துக்கொள்வார். அப்புறம் அவர் கற்பது தப்பித்துக்கொள்வதை மட்டும்தான்.

சொல்ல வேண்டியவை இவை. இங்கே நடப்பது இந்த அறையைத் தாண்டாது. இன்று மதிப்பெண் கிடையாது. எது நிஜம், எது பாவனை: குப்பியில் இருப்பது தண்ணீர், ஆனால் லேபிளில் எழுதியிருப்பதை நிஜம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டருக்குப் பேச வேண்டுமென்றால் இந்தப் போனை எடுங்கள், மறுமுனையில் ஆள் இருப்பார். மொத்தம் எட்டு நிமிடம்.

அதோடு, 'சீட்டில் தவறு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்' என்றும் சொல்லுங்கள், சொன்னபடியே நடந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு கதையிலும் ஒரு பொறி இருந்தால், மாணவர்கள் பொறி தேடுவதில் மட்டும் கெட்டிக்காரர்கள் ஆகிவிடுவார்கள். எதுவுமே தப்பில்லாத சீட்டு ஒன்றையும் இடையில் செருகுங்கள். அதற்கு மாணவர் படும் பாட்டைப் பார்க்க வேண்டுமே!

படி 6: நடக்கட்டும், குறுக்கே போகாதீர்கள்

ஓடும் எட்டு நிமிடமும் உங்கள் வேலை வாயை மூடிக்கொண்டு எழுதுவது. மாணவர் தப்பான சிரிஞ்சைக் கொடுத்து அனுப்பினால் அனுப்பட்டும். ஆசிரியரின் இருமல்கூட ஒரு குறிப்பு என்று மாணவர்களுக்குத் தெரியும். டாக்டராகப் போனில் பேசுவதும் நீங்களே என்றால் மறைவாக உட்காருங்கள். கொஞ்சம் அவசரக்காரராகப் பேசுங்கள், "ஓ.பி.யில் கூட்டமா இருக்கு, என்ன விஷயம்?" என்று. மாணவர் மூன்று வாக்கியத்துக்குள் விஷயத்தைச் சொல்லப் பழக வேண்டும்.

மீதி மாணவர்களைச் சும்மா உட்காரவைத்தால் செல்போன் வெளியே வரும். ஒருவர் மருந்தாளுநர் கேட்ட கேள்விகளை மட்டும் எழுதட்டும். இன்னொருவர் நோயாளி சொன்னதில் எது காதில் விழவில்லை என்று குறிக்கட்டும். மற்றொருவர் கைகளை மட்டும் கவனிக்கட்டும்: லேபிளை எத்தனை முறை பார்த்தார், எப்போது பார்த்தார். வீடியோ எடுப்பதாக இருந்தால் முதலில் அனுமதி கேளுங்கள், பேசி முடித்ததும் அழித்துவிடுங்கள். வாட்ஸ்அப் குழுவுக்குப் போன ஒரு கிளிப் போதும், அடுத்த வகுப்புக்கு யாரும் முன்வர மாட்டார்கள்.

படி 7: பேச்சு, நடிப்பைவிட இரண்டு மடங்கு நேரம்

எட்டு நிமிட நடிப்புக்குப் பிறகு குறைந்தது இருபது நிமிடம் உட்கார்ந்து பேசுங்கள். நேரம் போதாவிட்டால் கதையைச் சுருக்குங்கள், இதைச் சுருக்காதீர்கள். கற்பது பெரும்பாலும் இந்த இருபது நிமிடத்தில்தான் நடக்கிறது.

மேசையிலிருந்து வந்தவருக்குப் படபடப்பு அடங்கட்டும். "எப்படி இருந்தது?" என்று கேட்டுவிட்டு அவர் கொட்டித் தீர்ப்பதைக் கேளுங்கள். அடுத்து, என்ன நடந்தது என்பதை எல்லோருமாக வரிசைப்படுத்துங்கள். கருத்து வேண்டாம், நடந்தது மட்டும். அதற்கும் பிறகுதான் ஏன் என்ற பகுதி.

பாஸ்டன் மருத்துவ சிமுலேஷன் மையத்தின் ஜென்னி ருடால்ஃபும் அவருடைய சகாக்களும் 2006இல் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். ஆசிரியர் தன் கருத்தை ஒளிக்கவும் வேண்டாம், அதைக் கொண்டு மாணவரை அடிக்கவும் வேண்டாம். நான் பார்த்தது இது, அதனால் எனக்குத் தோன்றியது இது, உங்கள் மனதில் என்ன ஓடியது என்று கேட்க வேண்டும். கேட்க எளிது. நம் வகுப்பறைப் பழக்கத்துக்கு இது நேர் எதிர். "ஏன் சிரிஞ்சைப் பார்க்கவில்லை?" என்றால் மாணவர் தலையைக் குனிந்து "சாரி சார்" என்பார், அதற்கு மேல் ஒன்றும் வராது. இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"சிரிஞ்சைக் கையில் வாங்கி ரெண்டு நொடி பார்த்தீங்க, அப்புறம் ஒண்ணும் சொல்லாம அலமாரிப் பக்கம் போயிட்டீங்க. ஏதோ சந்தேகம் வந்து அதை விட்டுட்டீங்கன்னு எனக்குத் தோணுச்சு. அந்த நேரம் என்ன நினைச்சீங்க?"

"ஆரஞ்சுன்னு பார்த்தேன் சார். ஆனா ரெண்டு மாசமா இதைத்தான் போடுறாங்கன்னா டாக்டர்தான் சொல்லியிருப்பாருன்னு நினைச்சேன்."

இந்தப் பதில் தங்கம். மாணவருக்கு மூடியின் நிறம் தெரியும், கணக்கும் தெரியும். டாக்டர் சொல்லியிருப்பார் என்ற நம்பிக்கைதான் அவரைத் தடுத்தது. இவருக்கு இன்னொரு முறை யூ-40 பாடம் எடுத்துப் பயனில்லை. கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது என்பதைத்தான் இவர் பழக வேண்டும். இன்னொரு மாணவருக்கு நிஜமாகவே நிறம் தெரியாமல் இருந்திருக்கலாம், அவருக்குப் பாடம் வேண்டும். மூன்றாமவர் சில்லறை கேட்டவரால் கவனம் சிதறியிருப்பார். அவருக்குத் தேவை வேலையை ஒழுங்குபடுத்தும் பழக்கம். வெளியே பார்த்தால் மூவரும் செய்தது ஒரே தவறு. மருந்து மூன்று பேருக்கும் வேறு. கேட்காமல் இது தெரியாது.

நோயாளியாக நடித்தவரையும் பேசவிடுங்கள். "தம்பி நல்லாத்தான் சொன்னாப்ல, ஆனா என் மூஞ்சியைப் பார்க்கவே இல்லை" என்று அவர் சொல்வது நீங்கள் சொல்வதைவிட ஆழமாகப் போகும்.

பேசி முடிந்ததும் அதே மாணவரை அதே மேசையில் உடனே மறுபடி நிறுத்துங்கள். இந்த இரண்டாவது சுற்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தோற்றுவிட்டோம் என்ற உணர்வோடு வீட்டுக்குப் போகிறவர் அடுத்த முறை வர மாட்டார்.

அடுத்தடுத்த கதைகளுக்கு

பாராசிட்டமால் துளி மருந்து. 10 கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் 150 மில்லிகிராம். மில்லிக்கு 100 மில்லிகிராம் உள்ள துளி மருந்தில் அது 1.5 மில்லி. 5 மில்லிக்கு 250 மில்லிகிராம் உள்ள சிரப்பில் 3 மில்லி. அம்மா சிரப்பின் 5 மில்லி மூடியில் துளி மருந்தை ஊற்றிக் கொடுக்கிறார் என்றால் ஒரு வேளைக்கு 500 மில்லிகிராம் போகிறது. மாணவர் எதை வைத்து அளக்கிறார்கள் என்று கேட்டாரா என்பதே சோதனை.

மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட், வாரம் ஒரு நாள் மட்டும். தினமும் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் உலகெங்கும் உண்டு. எந்தக் கிழமை என்று நோயாளியையே சொல்லவைத்து, உறையில் அதை எழுதிக் கொடுக்கிறாரா என்று பாருங்கள்.

இன்ஹேலருக்கு மருந்தில்லாத பயிற்சிக் கருவி கிடைக்கும். இங்கே மாணவர் விளக்கினால் போதாது, நோயாளி செய்து காட்ட வேண்டும். ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் வாய் கொப்பளிக்கச் சொன்னாரா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சில வாரமாக இருமலோடு வரும் வாடிக்கையாளர் இன்னொரு நல்ல கதை. தில்லி, மும்பை, பாட்னா நகரங்களில் 622 மருந்துக்கடைகளுக்கு நடிப்பு நோயாளிகளை அனுப்பிச் செய்த ஓர் ஆய்வு 2016இல் வெளியானது. அறிகுறிகளை மட்டும் சொன்னபோது மருத்துவரிடம் அனுப்பிய கடைகள் சொற்பம். டிபி இருப்பதாகச் சோதனை முடிவைக் காட்டியபோது அனுப்பியவர்கள் வெகுவாகக் கூடினார்கள். டிபிக்கான முதல்வரிசை மருந்தை ஒரு கடைகூடச் சும்மா எடுத்துக் கொடுக்கவில்லை. அதாவது நோயின் பெயர் தெரிந்தால் நம் கடைக்காரர்கள் பெரும்பாலும் சரியாகவே நடந்துகொள்கிறார்கள். பெயர் தெரியாத இருமலைச் சந்தேகிக்கப் பழக்குவதுதான் மீதமுள்ள வேலை.

கணினியில் பழக

ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கிய மைடிஸ்பென்ஸ் என்ற இணையவழி மருந்தகம் இருக்கிறது. கல்வி நிறுவனங்களுக்கு இலவசமாகத் தருகிறார்கள். திரையில் நோயாளி வருவார், சீட்டைச் சரிபார்த்து, மருந்தை எடுத்து, லேபிள் ஒட்டிக் கொடுக்க வேண்டும். இரவு பதினொரு மணிக்கு விடுதியில் உட்கார்ந்து பத்து முறை தவறினாலும் யாரும் பார்க்கப்போவதில்லை என்பது இதன் பெரிய பலம். சரிபார்க்கும் பழக்கத்துக்கு இது நல்லது. ஆனால் பஸ்ஸுக்கு அவசரப்படுகிறவரிடம் பேசுவதை இது கற்றுத் தராது. மேசைக்கு வரும் முந்தைய வாரம் வீட்டுப்பாடமாகக் கொடுப்பதே என் பரிந்துரை.

மருத்துவமனை மருந்தகத்தில்

கலப்பு அறையில் புற்றுநோய் மருந்து, ஊசி மருந்து தயாரிப்பவர்களுக்குக் கதை வேண்டாம், கைதான் முக்கியம். மருந்துக்குப் பதிலாக ஃப்ளோரசின் சாயம் கலந்த நீரைக் கொடுத்து வழக்கம்போலக் கலக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் விளக்கை அணைத்துப் புற ஊதா விளக்கை அடித்தால், கையுறையில், மேசையில், குப்பியின் கழுத்தில் சிந்தியதெல்லாம் பளிச்சென்று ஒளிரும். சாயம் கிடைக்காவிட்டால் டானிக் வாட்டர் போதும். அதிலுள்ள குயினைனும் ஒளிரும் என்பதை அனாலிசிஸ் லேபில் ஒளிர்வை அளக்கும் ஃப்ளோரிமீட்டரைப் பார்த்தவர்கள் அறிவார்கள். இருபது வருட அனுபவம் உள்ளவரும் அந்த வெளிச்சத்தில் பேச்சற்றுப் போவார், நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை. கிருமி சேராமல் வேலை செய்கிறாரா என்று பார்க்க, மருந்துக்குப் பதில் கிருமி வளரும் ஊட்டக் கரைசலை வைத்து அதே வேலையைச் செய்யவைத்து, 14 நாள் இன்குபேட்டரில் வைத்துப் பார்ப்பார்கள். கலங்கினால் எங்கோ கை தவறியிருக்கிறது.

வேலையில் இருப்பவர்களைப் பழக்கும்போது

மாணவர்களைவிட இவர்களுக்குப் பயம் அதிகம். தவறினால் மானம் போகும், சம்பளத்தில் கை வைப்பார்கள் என்று நினைப்பார்கள். கடை முதலாளியோ துறைத் தலைவரோ அறையில் இல்லாதபோது நடத்துங்கள், குறிப்புகளை அவர்களிடம் கொடுக்க மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில் கால் மணி போதும், அவர்கள் நிற்கிற அதே கவுன்டரில். சொல்லாமல் கொள்ளாமல் நடிப்பு வாடிக்கையாளரை அனுப்பிவிட்டு அறிக்கை எழுதுவது ஆய்வுக்குச் சரி. பயிற்சிக்கு அது உதவாது.

மதிப்பெண் போடும் கட்டம் வரும்போது பட்டியல் ஒன்று தயாரியுங்கள். ஆனால் 'வணக்கம் சொன்னார்' என்பதற்கும் 'டாக்டரை அழைத்தார்' என்பதற்கும் ஒரே ஒரு மதிப்பெண் என்று போடாதீர்கள். இனிமையாகப் பேசி 30 யூனிட் போடவைத்தவர் பத்துக்கு எட்டு வாங்கித் தேறிவிடுவார். உயிரோடு விளையாடும் ஓரிரு செயல்களைத் தனியாகக் குறித்து, அதில் தவறினால் மற்றவை எப்படியிருந்தாலும் மறுபடி வர வேண்டும் என்று வையுங்கள்.

முடிந்ததும் எண்ணி எடுத்து வையுங்கள்

அமெரிக்காவில் 2014இல் பயிற்சிக்காகத் தயாரித்த உப்புநீர்ப் பைகள் தவறுதலாகக் கிளினிக்குகளுக்குப் போய்ச் சேர்ந்தன. நாற்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு அது நரம்பில் ஏறியது. காய்ச்சலும் நடுக்கமும் வந்து பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், ஒருவர் இறந்தும்போனார், அதற்கு இதுதான் நேர்க் காரணமா என்பது உறுதியாகவில்லை. பை பார்க்க அசல் மாதிரியே இருந்ததுதான் காரணம். அதனால் தண்ணீர் நிரப்பிய ஒவ்வொரு குப்பியிலும், ஒவ்வொரு பெட்டியிலும் 'பயிற்சிக்கு மட்டும்' என்று எளிதில் உரிக்க முடியாத ஸ்டிக்கரை ஒட்டுங்கள். மருத்துவமனையில் நடத்தினால் பயிற்சிப் பொருட்களுக்குத் தனி நிறத்தில் ஒரு பெட்டி, அதற்கு ஒரு பூட்டு, உள்ளே ஒரு பட்டியல். காலாவதியான நிஜ மருந்துகளைப் பயிற்சிக்கு எடுக்கவே வேண்டாம், காலி அட்டைப்பெட்டியே போதும். வகுப்பு முடிந்ததும் பட்டியலைப் பார்த்து எண்ணுங்கள். ஒரு குப்பி குறைந்தாலும் யாரும் அறையைவிட்டுப் போவதற்கு முன் தேடிவிடுங்கள். பெரும்பாலும் அது நடித்தவரின் பையில்தான் இருக்கும்.